டர்ன்டேபிளுக்கு கார்ட்ரிட்ஜ் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் டோன்ஆர்மைப் பாருங்கள்!

நல்ல டர்ன்டேபிள் வாங்கியாச்சு. ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் லட்சக்கணக்கில் செலவழித்து வீட்டில் இறக்கியாச்சு. பாக்கி இருப்பது கார்ட்ரிட்ஜ் மட்டும்தான். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தருகிற, கட்டைவிரல் நுனி அளவுப் பொருள் அது. ‘இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் போட்டுடலாம்’ என்றுதான் பலருக்கும் தோன்றும். பணம் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஊசியோடு சேர்ந்து குட்டிக் காந்தம் அசைந்தால் அது மூவிங் மேக்னட், சுருக்கமாக எம்எம். கம்பிச்சுருள் அசைந்தால் மூவிங் காயில், அதாவது எம்சி. அசையும் எடை குறைவு என்பதால் பள்ளத்தின் நுணுக்கமான நெளிவுகளையும் எம்சி பிடித்துவிடும் என்பது அதன் ரசிகர்களின் வாதம். ஆனால், அது தரும் மின்சாரம் ரொம்பவே சொற்பம். எம்எம் சுமார் 5 மில்லிவோல்ட் தரும் இடத்தில், பல எம்சி மாடல்கள் 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட்தான் தரும்.

எம்எம்முக்கான ஃபோனோ பிரீஆம்ப் இந்த சிக்னலை 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்குகிறது. எம்சிக்கு 60 டெசிபல் அளவில், 1,000 மடங்கு வேண்டும். எம்எம் பிரீஆம்பில் எம்சியை மாட்டினால் பாட்டு கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். வால்யூமை ஏற்றினால் ‘உஸ்ஸ்’ இரைச்சலும் கூடவே ஏறும். ஆக, எம்சி வாங்குபவர் பிரீஆம்புக்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

சைக்கிளுக்கு லாரி ஸ்பிரிங்

இதையும்விட அதிகம் கவனிக்கப்படாமல் போவது டோன்ஆர்மின் எடை. டெனான் டிஎல்-103 நல்ல உதாரணம். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக்காக 1960-களில் உருவான எம்சி கார்ட்ரிட்ஜ் இது. பலரும் கொண்டாடும் மாடல்தான். ஆனால், இதன் ஊசியைத் தாங்கும் ரப்பர் சஸ்பென்ஷன் விறைப்பானது, அதாவது ‘கம்ப்ளையன்ஸ்’ குறைவு. எடை குறைந்த டோன்ஆர்மில் இதை மாட்டுவது, சைக்கிளுக்கு லாரி ஸ்பிரிங் போட்ட கதைதான்.

ஆர்மின் எடையும் சஸ்பென்ஷனின் நெகிழ்வும் சேர்ந்து தாமாகவே அதிரும் ஒரு அலைவரிசை உண்டு. அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டி மேலே போகப் போக, காதில் விழும் பேஸ் ஒலியை நெருங்கிவிடும். நெகிழ்வான கார்ட்ரிட்ஜைக் கனமான ஆர்மில் மாட்டினால் நடப்பது நேர்மாறு. 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டால், கொஞ்சம் வளைந்த தட்டு சுற்றும்போதே ஆர்ம் குதிக்கத் தொடங்கும். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஜப்பானிய நிறுவனங்கள் கம்ப்ளையன்ஸைப் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸில் அளக்கின்றன, ஐரோப்பிய நிறுவனங்கள் 10 ஹெர்ட்ஸில். இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

ஊசி தேய்ந்தால் என்ன செய்வது என்பதையும் வாங்கும்போதே யோசிப்பது நல்லது. பெரும்பாலான எம்எம் கார்ட்ரிட்ஜ்களில் பழைய ஊசியைக் கழற்றிப் புதியதை வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். எம்சியில் பொதுவாக அது முடியாது. கார்ட்ரிட்ஜையே திருப்பி அனுப்பணும், இல்லையென்றால் புதுசு வாங்கணும். ‘இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்’ என்று தேய்ந்த ஊசியை விட்டுவைத்தால், மறுபடி அச்சாகாத எல்பியின் பள்ளத்தை அது அரித்துவிடும்.

ஊசி அழுத்தத்தைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அதுவும் தப்பு. அழுத்தம் போதாவிட்டால் ஊசி பள்ளத்தின் சுவரில் மோதித் துள்ளும், சேதம் அதிகமாகும். டிஎல்-103-க்கு நிறுவனம் சொல்லும் அழுத்தம் 2.5 கிராம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி அளந்து வைத்தால் போதும்.

தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் தட்டுகள் வீட்டில் இருந்தால், அவற்றுக்குத் தனி ஊசி வேண்டும். எல்பி ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான், அந்தத் தட்டுகளின் பள்ளத்துக்கு வேண்டியது சுமார் 75 மைக்ரான். எல்பி ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் போய் விழும், பாட்டைவிட கரகரப்புதான் அதிகம் கேட்கும்.