நிழலில் சிக்கிய தட்டு

சென்ற வாரம் குவேசார்களின் வெளிச்சத்தோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் அந்த வெளிச்சத்தில் விழும் பள்ளங்கள்.

குவேசாரின் ஒளி நம்மை நோக்கி வரும் வழியில் ஹைட்ரஜன் வாயு அடர்ந்து கிடந்தால், குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தில் அந்த ஒளியை முழுவதுமாக விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இடம் அகன்ற பள்ளமாகத் தெரியும். 1980-களில் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் இந்தப் பள்ளங்களை வரிசையாகத் தேடியவர் ஆர்தர் வுல்ஃப். மற்றவர்கள் குவேசாரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அதை மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தார்.

மறைத்தது எது? நம் பால்வீதியைப் போன்ற வட்டத் தட்டுகளின் இளம்பருவம் என்பது வுல்ஃபின் எண்ணம். 1997-இல் அவரும் அவருடைய மாணவர் சேவியர் புரோச்சஸ்காவும் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் அந்த வாயுவின் வேகங்களை அளந்தார்கள். தடித்த, விரைந்து சுழலும் தட்டு என்று வைத்தால்தான் கணக்கு ஒத்துவருகிறது என்றார்கள். மறு ஆண்டே வேறொரு குழு, சின்னச் சின்ன வாயுத் திரள்கள் ஒன்றோடொன்று கலக்கும்போதும் இதே அடையாளம் வரும் என்று கணினியில் காட்டிவிட்டது. எதிர்த்தரப்பில் நியாயமும் இருந்தது. குவேசாரின் ஒளி வாயுவை ஒரே புள்ளியில்தான் துளைத்து வருகிறது. அந்த ஒரு துளையை வைத்து முழு உருவத்தைச் சொல்ல முடியாது.

அப்போது செல்வாக்காக இருந்த கோட்பாடும் வுல்ஃபுக்குச் சாதகமாக இல்லை. கரும்பொருள் பிடித்திழுக்கும் வாயு உள்ளே விழும்போது மோதிச் சூடாகிப் பல லட்சம் டிகிரிக்குப் போகும். அது ஆறித் தட்டாகப் படிய நெடுங்காலம் ஆகும். அதற்குள் இன்னொரு கேலக்ஸி வந்து மோதினால் படிந்ததும் கலைந்துபோகும். ஆகவே பெரிய, குளிர்ந்த தட்டுகள் பிரபஞ்சத்தின் நடுவயதில்தான் பரவலாக இருக்க முடியும் என்றார்கள்.

வழக்கைத் தீர்த்தது கரி. மின்னேற்றம் பெற்ற கார்பன் அணு 158 மைக்ரான் அலைநீளத்தில் ஒளிரும். பிரபஞ்ச விரிவில் அது நீண்டு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவான அலையாக நம்மிடம் வந்து சேர்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆல்மாவின் 66 அலைவாங்கிகள் கேட்பது இத்தகைய அலைகளைத்தான். மார்செல் நீல்மேன், புரோச்சஸ்கா, புனே தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் நிசிம் கனேகர் ஆகியோர் இருந்த குழு, 2017-இல் இப்படி ஒரு பள்ளத்துக்குச் சொந்தமான கேலக்ஸியை ஆல்மா மூலம் கண்டுபிடித்தது. பிறகு இன்னும் கூர்மையாகப் படமெடுத்து 2020 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஒரு பக்கத்து வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கத்து வாயு விலகிப் போகிறது. சந்தேகத்துக்கு இடமில்லாத சுழற்சி. வேகம் விநாடிக்கு 272 கிலோமீட்டர். பால்வீதியில் நம் சூரியன் சுற்றும் வேகத்தைவிட அதிகம். நிறை ஏறத்தாழ 7,200 கோடி சூரியன்கள். இத்தனையும் பெருவெடிப்புக்கு வெறும் 150 கோடி ஆண்டுகள் கழித்து! அதற்கு வுல்ஃப் தட்டு என்று பெயர் வைத்தார்கள். வுல்ஃப் 2014-இலேயே காலமாகிவிட்டார்.

எப்படி இவ்வளவு சீக்கிரம்? வாயு எல்லாமே சூடாகித்தான் விழ வேண்டும் என்பதில்லை. கரும்பொருள் இழைகளின் வழியே குளிர்ந்த வாயு ஓடைகளாக நேரே நடுவுக்குப் பாயலாம் என்று 2009-இல் அவிஷாய் டெக்கெல் குழு கணித்தது. அப்படி வரும் வாயு தன் சுழற்சி உந்தத்தையும் கூடவே கொண்டுவரும். வுல்ஃப் தட்டு இந்தக் கணிப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இதைப் பால்வீதியின் குழந்தைப் படமாக எண்ணிவிட வேண்டாம். இதன் வாயு சுழல்வதோடு உள்ளுக்குள் விநாடிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் கொந்தளிக்கவும் செய்கிறது. பால்வீதி வாயுவில் அந்தக் கொந்தளிப்பு 10 கிலோமீட்டர் அளவுதான். பொருளின் கலவையும் வேறு. பெருவெடிப்புக்கு ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் கழித்து இருந்த கேலக்ஸிகளை லிண்டா டாக்கோனியின் குழு 2010-இல் அளந்தபோது, விண்மீன்களையும் வாயுவையும் சேர்த்த நிறையில் 44 சதவீதம் குளிர்ந்த வாயுவாகவே இருந்தது. இன்றைய பெரிய சுருள் கேலக்ஸிகளில் அந்தப் பங்கு 3 முதல் 10 மடங்கு குறைவு. வாயு மிகுந்த தட்டு தன் எடையைத் தானே தாங்காது. சுழற்சியும் கொந்தளிப்பும் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்காத இடங்களில் அது பிளந்து கட்டிகளாகத் திரளும். அலார் டூம்ரே 1964-இல் விண்மீன் தட்டுக்கு எழுதிய நிபந்தனை இங்கே வாயுவுக்கும் செல்லும். அந்தக் கட்டிகளில்தான் விண்மீன்கள் கொத்துக்கொத்தாகப் பிறக்கின்றன. வுல்ஃப் தட்டில் விண்மீன் பிறப்பு வேகம் பால்வீதியைப்போல் குறைந்தது பத்து மடங்கு.

என்னைக் கேட்டால், வேகத்தைவிடவும் நிறையைவிடவும் முக்கியம் இது அகப்பட்ட விதம். பிரகாசமானதைத் தேடிப் போனால் அசாதாரணமானதே கைக்கு வரும். நிழலைத் தேடிப் போனால் அந்தச் சாய்வு பெருமளவு குறைகிறது. குவேசாருக்கு முன்னால் தற்செயலாக நின்றதுதான் அகப்படும். அப்படி அகப்பட்டதே தட்டு என்றால், அந்தக் காலத்தில் தட்டுகள் அபூர்வமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 2024-இல் ரெபெல்ஸ்-25 என்ற இன்னும் பழைய தட்டு, பெருவெடிப்புக்கு 70 கோடி ஆண்டுகளே ஆன காலத்தில், ஒழுங்காகச் சுழல்வதை ஆல்மா காட்டியது. அது பிரகாசத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதால் அதை வைத்து எண்ணிக்கை சொல்ல நான் தயங்குவேன்.

அந்தக் குளிர் ஓடைகளைத் தேடிப் போனவர்களைப் பற்றி அடுத்த வாரம்.