குக்கர் ஏன் விடாமல் விசில் அடிக்கிறது?

“ஸ்கேன் எல்லாம் நார்மல்னு வந்திருக்கே, அப்புறம் எங்கேர்ந்து வலி?” நாள்பட்ட வலியோடு வாழ்கிறவர்கள் சொந்த வீட்டிலேயே கேட்டுக் கேட்டு நொந்துபோகும் கேள்வி இது. இதற்கான பதில் அடுப்படியில், பிரஷர் குக்கரின் மூடிமேல் இருக்கிறது.

குக்கர் எப்போது விசில் அடிக்கும்? அடுப்பு எரிந்தால் மட்டும் போதாது. உள்ளே சேரும் நீராவி மேலே இருக்கும் வெயிட்டைத் தூக்கினால்தான் விசில் வரும். அந்த வெயிட்டை எடுத்துவிட்டு லேசான ஒன்றை வைத்துப் பாருங்கள். அடுப்பு சிம்மில் இருந்தாலும் கத்திக்கொண்டே இருக்கும்.

உடம்பில் அடுப்பு என்பது காயம். நீராவி, நரம்பு வழியே ஏறி வரும் செய்தி. விசில்தான் நாம் உணரும் வலி. வெயிட் தண்டுவடத்தில் இருக்கிறது. காயத்தின் செய்தி அங்கே கூட்டப்படுகிறது அல்லது குறைக்கப்படுகிறது, மூளையும் மேலிருந்து அதை மாற்றுகிறது என்று 1965-ல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதினார்கள். விவரங்கள் பின்னால் திருத்தப்பட்டன. அடிப்படை இன்றும் நிற்கிறது.

வலி 3 மாதத்தைத் தாண்டினால் நாள்பட்டது என்கிறது மருத்துவம். அத்தனை நாள் செய்தி வந்துகொண்டே இருந்ததில் நரம்பு மண்டலம் கூர்மையாகி, வெயிட் லேசாகிவிடலாம். காயம் ஆறிய பிறகும் விசில் நிற்காது. சிலருக்குப் போர்வை உரசினாலே வலிக்கும். ஸ்கேன் அடுப்பைத்தான் படம் பிடிக்கும், வெயிட்டை அல்ல. வலி முழுக்க முழுக்க உண்மை. முடக்குவாதம் போன்ற நோய்களில் அடுப்பும் அணையாது, வெயிட்டும் லேசாகலாம்.

தூக்கமின்மை, பயம், தனிமை எல்லாம் வெயிட்டை இன்னும் லேசாக்குகின்றன. எது கனமாக்கும்? இரண்டாம் உலகப் போரில் மருத்துவர் ஹென்றி பீச்சர் ஒன்றைக் கவனித்தார். பெரிய காயம்பட்ட வீரர்களில் பலர் வலிக்கு மருந்தே கேட்கவில்லை. அவர்களுக்கு அந்தக் காயம், போர் முடிந்தது, உயிரோடு வீட்டுக்குப் போகிறோம் என்பதற்கு அடையாளம். காயத்துக்கு மனம் தரும் அர்த்தமும் வலியின் அளவை மாற்றுகிறது என்று 1946-ல் எழுதினார். கையும் மனமும் ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போதும் மூளை வெயிட்டின் மேல் கொஞ்சம் அழுத்துகிறது. வேலையை விட்டு எழுந்ததும் வலி திரும்பலாம். இருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் நம்முடையது.

பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரைப் பாருங்கள். முடக்குவாதத்தில் அவர் விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போயின. தோல் புண்ணாகாமல் இருக்க உள்ளங்கையில் துணி சுற்றியிருப்பார். தூரிகையை வேறொருவர் எடுத்து விரலிடுக்கில் வைப்பார். 1915-ல் எடுத்த படச்சுருளில் அந்தக் கை ஓவியம் தீட்டுவதை இன்றும் பார்க்கலாம். 1919-ல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பெரிய கேன்வாஸில் ‘குளிக்கும் பெண்கள்’ ஓவியத்தை முடித்தார். அதே ஆண்டில் இறந்தார். வலி அவரை விட்டுப் போகவில்லை. ஆனாலும் அவர் கடைசிவரை ஓவியர்.

இந்த இடத்தில் குக்கரை இறக்கி வைத்துவிடலாம். வலி முதலில் வேலையைப் பறிக்கும், பிறகு வெளியே போய்வருவதை, கடைசியில் பேரையும் பறித்து ‘நோயாளி’ என்று மட்டும் ஆக்கிவிடும். ஒரு ஒயர் கூடையோ, நான்கு வரிக் கவிதையோ அந்தப் பேரைத் திருப்பித் தருகிறது. படைப்பின் பெரிய பலன் இதுதான் என்பேன். வலி குறைவது அதற்கு அடுத்துதான். மருந்தையும் பிசியோதெரபியையும் இதற்காக நிறுத்த வேண்டாம். உடம்பு தாங்குகிற அளவுக்குச் செய்யுங்கள், வலி ஏறும் முன் நிறுத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: “கூடை பின்ன முடியுது, பாத்திரம் தேய்க்க முடியாதா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் பின்னும் கூடையும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.