பசுமை பேசும் நிறுவனங்களும் நான்கு தாள் பில்லும்

கடந்த மாதம் என் உம்மாவின் பெயருக்கு ஒரு கடித உறை வந்தது. தொலைபேசிக் கட்டணப் பட்டியல். உறையின் முகப்பில் ஒரு பச்சை இலை; அதன் கீழே மரங்களைக் காப்போம் என்றொரு வாசகம். பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு தாள்கள். ஒன்றில் மட்டும் கட்டண விபரம். மற்றைய மூன்றும் புதிய பக்கேஜ், கடனட்டைச் சலுகை, கையடக்கத் தொலைபேசி விளம்பரம். அதே பட்டியல் மூன்று நாட்களுக்கு முன்பே குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் எனக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஆசிரியர் என்பதால் எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. மாதம் மூன்று விளம்பரத் தாள்கள் என்றால் வருடத்துக்கு 36. அவற்றை நடுவில் மடித்துத் தைத்தால் 144 பக்கங்கள். ஒரு வீட்டுக்கு, ஒரே நிறுவனம் அனுப்பும் தபாலில் மட்டும், ஒரு பிள்ளையின் பாடக் கொப்பி அளவு கடதாசி குப்பைக்குப் போகிறது.

இந்த நாட்டில் கடதாசியின் அருமை நமக்குத் தெரியாததல்ல. 2022 மார்ச் மாதம் கடதாசியும் மையும் இறக்குமதி செய்ய டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. ஒரு காலத்தில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்த வாழைச்சேனை ஆலையோ பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. நாம் வீசும் தாளில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பணம் கொடுத்து வாங்கியது.

அப்படியிருக்க, உறையில் பச்சை இலை எதற்கு? இதற்கு ஆங்கிலத்தில் 'கிறீன்வொஷிங்' என்று பெயர். செய்யாத அல்லது அற்பமாகச் செய்த சுற்றாடல் சேவையைப் பெரிதாகக் காட்டி நற்பெயர் தேடுவதே அது. 1986 இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் இச்சொல்லைப் பயன்படுத்தினார். சுற்றாடலைக் காக்கத் துவாயை மீண்டும் பாவியுங்கள் என்று விருந்தினரைக் கேட்ட ஹோட்டல்கள், வேறு விடயங்களில் அந்த அக்கறையைக் காட்டவில்லை என்பதே அவரது விமர்சனம். துவாய் கழுவும் செலவு மிச்சமாவது ஹோட்டலுக்கு, தியாகம் விருந்தினருக்கு.

மின் பட்டியலுக்கு மாறுங்கள், மரத்தைக் காப்பாற்றுங்கள் என்ற அழைப்பிலும் இதே கணக்கு உண்டு. அச்சுச் செலவும் தபால் செலவும் நிறுவனத்துக்கு மிச்சம். அது தவறல்ல, ஆனால் அதை மரத்தின் பெயரில் சொல்வதும், விளம்பரத் தாள்களை மட்டும் நிறுத்தாமல் அனுப்புவதும்தான் நேர்மையில்லாதது. ஆதாரம் காட்டாமல் 'சுற்றாடலுக்கு உகந்தது' என்று பொதுவாகச் சொல்வதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் சட்டம் இயற்றியது. அது அமுலாகும் நாள் 2026 செப்டெம்பர் 27.

சுப்பர் மார்க்கட் காசாளரிடமும் இதே கதைதான். நம் நாட்டில் 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்க முடியாது. நல்ல விடயம். ஆனால் பைக்குக் காசு வாங்கிய கையோடு ஒரு முழ நீளப் பற்றுச்சீட்டு வருகிறது. பாதிக்கு மேல் புள்ளிகளும் சலுகைகளும். அந்த வழுவழுப்பான தாளில் மை கிடையாது. மேற்பூச்சு சூடுபட்டுக் கறுப்பதால்தான் எழுத்துத் தெரிகிறது. அந்தப் பூச்சில் பிஸ்பினோல் ஏ என்ற இரசாயனம் பரவலாகப் பாவிக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் அதை எடையில் 0.02 வீதத்துக்கும் குறைவாகக் கட்டுப்படுத்தியுள்ளது. ஆகவே இத்தாளில் உணவு சுற்றக் கூடாது, சின்னப் பிள்ளைகளின் கையில் விளையாடக் கொடுக்கக் கூடாது, மீள்சுழற்சிக்கான கடதாசியோடும் சேர்க்கக் கூடாது. எழுத்து மங்கிப் போகும் என்பதால் உத்தரவாதத்துக்குத் தேவையான பற்றுச்சீட்டை அன்றே படமெடுத்து வைப்பது நல்லது.

அதற்காகக் கடதாசியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்கிறது. எழுத்து ஓர் அமானிதம். என் உம்மாவுக்கு மின்னஞ்சல் இல்லை. பட்டியல்களை நூலால் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறார். ஒருமுறை கட்டிய பணத்தை நிறுவனம் மறுபடி கேட்டபோது அந்தக் கட்டுத்தான் அவரைக் காப்பாற்றியது. இப்போது அந்த ஒற்றைத் தாளுக்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். கேட்காத மூன்று தாள்களுக்குக் கட்டணம் இல்லையாம்!

தேவையான எழுத்து வேறு, இஸ்ராஃப் வேறு. ஓடும் ஆற்றில் வுழூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கக் கூடாது என்ற பாடத்தைச் சிறு வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆகவே நிறுவனங்களிடம் மூன்று விடயங்களைக் கேட்போம். விளம்பரத் தாள்களை முதலில் நிறுத்துங்கள். சென்ற வருடம் எவ்வளவு கடதாசி பாவித்தீர்கள், இவ்வருடம் எவ்வளவு என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள். முதியோருக்கும் இணையம் இல்லாதோருக்கும் ஒற்றைத் தாள் பட்டியலைக் கட்டணமின்றிக் கொடுங்கள்.

நம் பங்கும் இருக்கிறது. மின் பட்டியல் போதுமானவர்கள் இன்றே மாறிக்கொள்ளலாம். காசாளரிடம் "பில் வேண்டாம்" என்று அச்சிடுமுன் சொல்லலாம். பள்ளிவாசல், மத்ரஸா அறிவித்தல்களை ஒரு தாளில் முடிக்கலாம்.

அந்த மூன்று விளம்பரத் தாள்களின் வெறும் பின்பக்கத்தில் என் மகள் இப்போது கணக்குச் செய்கிறாள். உம்மாவின் பட்டியல் மட்டும் அலுமாரிக் கட்டில் சேர்ந்துவிட்டது.