மாற்றத்துக்கு வளைந்து கொடுக்கும் மென்பொருள்

சகோதர வியாபாரிகளே, கடைக்கு மென்பொருள் விற்க வருகிறவர் அது என்னவெல்லாம் செய்யும் என்று ஒரு மணி நேரம் காட்டுவார். நாம் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான். நாளை வரி மாறினால், வேலை செய்யும் ஒழுங்கு மாறினால் இதை மாற்றப் போவது யார்? நாமா, நீங்களா?

நம் நாட்டில் இது வீண் கேள்வி அல்ல. வற் வரியையே பாருங்கள். 2019 டிசெம்பர் 1இல் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் 1இல் 12 ஆனது. அதே ஆண்டு செப்டெம்பர் 1இல் மீண்டும் 15. 2024 ஜனவரி 1இல் 18. வீதத்தை உள்ளே பூட்டி எழுதிய மென்பொருள் வைத்திருப்பவர், ஒவ்வொரு முறையும் அதை எழுதியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் 15 போட வேண்டிய பில்லை 12இல் போட்டால், வரி சேர்க்காத ஒரு இலட்சம் ரூபா விற்பனைக்கு 3,000 ரூபா குறையும். அது நம் கைக்காசு. நல்ல மென்பொருளில் வீதத்தையும் அது தொடங்கும் திகதியையும் நாமே பதியலாம். பழைய பில்கள் பழைய வீதத்திலேயே நிற்கும்.

2022இல் வந்த எரிபொருள் கியூஆர் முறை இதற்கு நல்ல உதாரணம். மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று தொடங்கி, 2023 ஏப்ரலில் 7, மே இறுதியில் 14 என்று கூட்டினார்கள். யாரும் புதிய கியூஆர் எடுக்கவில்லை. வாகனத்தின் அடையாளம் ஓரிடத்திலும், மாறக்கூடிய அளவு வேறிடத்திலும் இருந்ததால்தான் அது முடிந்தது.

வரியும் அளவும் மாறினால் இலக்கத்தை மாற்றினால் போதும். வேலையின் ஒழுங்கே நாளுக்கு நாள் மாறும் தொழில்களும் உண்டு. எங்கள் பள்ளிமுனையில் கமிஷனுக்குக் கொழும்புக்கு அனுப்பும் மீனைக் காலையில் நிறுத்து ஏற்றுகிறோம். பேலியகொடையில் விற்ற பிறகுதான் விலை தெரியும். சில நாள் பாதி மீன் இங்கேயே விலைபோகும். விலை போடாமல் நிறையைப் பதிய விடாத மென்பொருளில், கணக்கெழுதும் பையன் என்ன செய்வான்? 1 ரூபா என்று ஏதோ ஒரு விலையைப் போட்டுவிட்டு மேலே போவான். மாத முடிவில் படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணத்தைக் கழிக்கும்போது சண்டை வரும்.

ஆகவே வாங்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

வீதம், விலை, கமிஷன் ஆகியவற்றை, தொடங்கும் திகதியோடு நானே மாற்றலாமா?

முடியாத பதிவை, "விலை பின்னர்" என்று நிறுத்தி வைக்கலாமா?

ஒரு பதிவைத் திருத்தினால், யார் எப்போது திருத்தினார் என்பதும் பழைய இலக்கமும் தெரியுமா? இது இல்லாவிட்டால், மாற்றும் வசதியே களவுக்கு வழியாகிவிடும்.

நாளை வேறு மென்பொருளுக்குப் போனால், என் கணக்கு முழுவதையும் எக்ஸெலில் எடுத்துக்கொள்ளலாமா?

விற்பவர் கொண்டுவரும் மாதிரிப் பில்லை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் கடையில் மிகவும் குழப்பமாகப் போன ஒரு நாளின் கொப்பியை எடுத்துக் கொடுங்கள். அரை விலைக்கு விற்றது, திரும்பி வந்தது, விலை பிறகு பேசியது எல்லாவற்றையும் உங்கள் முன்னிலையில் பதிந்து காட்டச் சொல்லுங்கள். பதிய முடிந்தால் விலை பேசுங்கள். முடியாவிட்டால் இன்னொருவரைப் பாருங்கள். அதுவரை கொப்பி போதும்.