மோட்டார் எரியுமுன் அறிவோம்

சித்தூரிலும் திருப்பதியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பெற்றோரை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வெளியூர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு, "மோட்டார் எரிந்துவிட்டது, பணம் அனுப்பவும்" என்னும் செய்தி புதியதன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இவ்வாறு கரைவதைத் தடுக்க வழியுண்டா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வற்றாத ஆறு இல்லாத மண் அது. 1911-ல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. நீர்க்கவலை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகவே நின்றது. மாவும் கரும்பும் நிலக்கடலையும் பல நூறு அடி ஆழக் கிணறுகளை நம்பியுள்ளன. 2004 முதல் உழவர் பம்புகளுக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. ஆயினும் மோட்டாரை மேலே தூக்கி, சுருளைப் புதிதாகச் சுற்றி, மீண்டும் இறக்கும் செலவு உழவனையே சாரும். அதற்குள் பயிர் வாடுவது தனி இழப்பு.

மோட்டார் ஒரே நாளில் கெடுவதில்லை. செப்புக் கம்பியை மூடியுள்ள மின்காப்பு மெல்ல மெல்லத் தளர்கிறது. வெப்பமும் ஈரமுமே அதன் பெரும் பகைவர்கள். ஏற்ற அளவுக்குமேல் ஒவ்வொரு 10 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கூடும்போதும் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. மின்னழுத்தம் தாழ்ந்தாலும், மூன்று பேஸில் ஒன்று அற்றுப்போனாலும், நீரின்றி ஓடினாலும் அவ்வெப்பம் ஏறுகிறது.

இத்தளர்ச்சியைக் காட்டும் கருவியே மெக்கர். மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டார்ட்டரிலிருந்து கம்பிகளைக் கழற்றி, அவற்றுக்கும் தரைக்கும் இடையே 500 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்து ஒரு நிமிடம் கழித்து அளவைக் குறிக்க வேண்டும். ஆழ்துளை மோட்டாரையும் மேலே தூக்காமலே சோதிக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆயிரம் வோல்ட்டுக்கு 1 மெகா ஓம், அதனுடன் மேலும் 1 என்பது பழைய குறைந்தபட்சக் கணக்கு. எனினும் ஒருநாள் அளவைவிட மாதந்தோறும் எழுதிவரும் அளவுகளே உண்மையைப் பேசும். 50 இருந்தது 20 ஆகி, பின்னர் 5 ஆனால், நோய் தொடங்கிவிட்டதென்று கொள்க. அப்போதும் உடனே மோட்டாரைப் பழிக்கலாகாது. கேபிள் இணைப்பில் நீர் புகுந்திருப்பினும் அளவு குறையும். மேலே நிற்கும் மோட்டாராயின் மழைக்கால ஈரமும் காரணமாகலாம். உலர்த்தி மீண்டும் அளக்க வேண்டும்.

மெக்கருக்கும் எல்லை உண்டு. ஒரே சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் தம்முள் ஒட்டிக்கொண்டால் அது காட்டாது. மூன்று பேஸ்களின் ஆம்பியரும் ஒத்திராமை, வழக்கத்துக்கு மீறிய சூடு, வார்னிஷ் கருகும் வாடை ஆகியவை அதன் அறிகுறிகள். ஒத்த மின்னழுத்தம் வந்தும் ஆம்பியர் வேறுபட்டால் மோட்டாரை நிறுத்திப் பட்டறையில் சர்ஜ் சோதனை செய்விப்பதே அறிவுடைமை.

இச்சோதனைகளைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரே செய்ய வேண்டும். அளந்தபின் சுருளில் தேங்கிய மின்னைத் தரைக்கு இறக்காமல் கம்பியைத் தொடலாகாது.

அன்பர்களே! அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, "மோட்டார் ஓடுகிறதா?" என்று மட்டும் கேளாமல், "இம்மாதம் மெக்கர் அளவு என்ன?" என்றும் கேளுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியருகே ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கட்டும். புகை கண்டபின் வருந்துவதினும் எண் கண்டு விழிப்பது நன்று.