தன்னார்வக் கணிமையும் பங்களிப்பாளர் தொடர்பும்: நெல் ஆய்வுத் திட்டத்தை முன்வைத்து

தன்னார்வக் கணிமை என்பது பொதுமக்கள் தங்கள் கணினிகளின் ஓய்வு நேரத்தை ஆய்வுப் பணிகளுக்கு இலவசமாக வழங்கும் முறை ஆகும். வீட்டிலோ அலுவலகத்திலோ சும்மா இருக்கும் கணினி, இணையம் வழியாக ஒரு சிறிய கணக்கீட்டைப் பெற்று, அதைச் செய்து முடித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. பல்லாயிரம் கணினிகள் இவ்வாறு சேரும்போது ஒரு மீக்கணினிக்கு நிகரான திறன் கிடைக்கிறது. வானியல், மருந்தியல், பருவநிலை ஆய்வு, எண் கோட்பாடு முதலிய துறைகளில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இம்முறை பயன்பட்டு வருகிறது.

இத்திட்டங்களில் நீண்ட காலமாகக் காணப்படும் குறை, ஆய்வாளர்களுக்கும் பங்களிப்பாளர்களுக்கும் இடையே போதிய தகவல் தொடர்பு இல்லாமை. கணினி, மின்சாரம், இணைய இணைப்பு ஆகிய மூன்றையும் தருபவருக்கு, தாம் தந்தது என்னவாயிற்று என்பது பல நேரங்களில் தெரிவதில்லை. நெல்லின் சத்தை உயர்த்தும் நோக்கில் 2008-இல் தொடங்கிய ஒரு திட்டம், தஞ்சாவூர் உள்ளிட்ட காவிரிப் படுகை போன்ற நெல் விளையும் பகுதிகளுக்கு நெருக்கமானது. அதை முன்வைத்து இக்குறையின் தன்மையும் காரணங்களும் இங்கே விளக்கப்படுகின்றன.

செயல்படும் முறை

ஆய்வாளர்கள் ஒரு பெரிய கணக்கைப் பல லட்சம் சிறு பகுதிகளாகப் பிரிக்கின்றனர். ஒவ்வொரு பகுதியும் ஒரு பணி அலகு எனப்படும். பங்களிப்பாளரின் கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள், வழங்கியிலிருந்து பணி அலகுகளைப் பெறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் விடை வராவிட்டால் அதே பணி வேறொரு கணினிக்கு அனுப்பப்படும். பிழைகளைத் தவிர்க்க, பல திட்டங்களில் ஒரே பணி இரண்டு கணினிகளுக்குத் தரப்பட்டு, இரு விடைகளும் ஒத்துப்போனால் மட்டுமே ஏற்கப்படுகிறது. ஏற்கப்பட்ட பணிக்குப் பங்களிப்பாளர் கணக்கில் புள்ளிகள் சேர்கின்றன.

இவை அனைத்தும் மனிதர் தலையீடு இன்றி நடைபெறுகின்றன. இதுவே இம்முறையின் வலிமை. தகவல் தொடர்புக் குறையின் தொடக்கமும் இதுவே. புள்ளிகள் ஏறிக்கொண்டிருப்பதால் எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும். ஆனால் கணினி எவ்வளவு உழைத்தது என்பதை மட்டுமே புள்ளிகள் காட்டும். அந்த உழைப்பால் என்ன அறியப்பட்டது என்பதை ஒரு மனிதர்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

வரலாற்றுச் சுருக்கம்

மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் திட்டம் 1996-இல் தொடங்கியது. வேற்றுலக அறிவுயிர்களின் வானொலிச் சைகைகளைத் தேடும் செட்டி அட் ஹோம் திட்டத்தைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 1999 மே 17 அன்று வெளியிட்டது. இதன் வழியாகவே தன்னார்வக் கணிமை உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது. புரதங்கள் மடியும் விதத்தை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் 2000-இல் தொடங்கியது. பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் 2002-இல் உருவாக்கத் தொடங்கிய பாயிங்க் என்னும் மென்பொருள், பல திட்டங்களுக்குப் பொதுவான தளமாக அமைந்தது. 2004 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் என்ற அமைப்பைத் தொடங்கி, மனிதநல ஆய்வுகளுக்குக் கணினித் திறனைத் திரட்டிக் கொடுத்தது.

நெல் புரத ஆய்வுத் திட்டம்

நெல்லின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்தறியும் பன்னாட்டு முயற்சியின் முடிவு 2005-இல் வெளியானது. இந்தியாவும் அதில் பங்கேற்று, 11ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைப் படித்தறியும் பொறுப்பை ஏற்றிருந்தது. மரபணுக்களின் வரிசை தெரிந்தாலும், அவை உருவாக்கும் புரதங்களின் வடிவமும் வேலையும் தெரிந்தால்தான் அந்த அறிவு பயிர் மேம்பாட்டுக்கு உதவும்.

இதற்காக வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராம் சமுத்ராலா தலைமையிலான குழு, 2008 மே மாதம் வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் வழியாக ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயரின் பொருள் 'உலகுக்குச் சத்தான அரிசி' என்பது. நெல்லின் பல்லாயிரம் புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைக் கணித்துக் காண்பதே அதன் பணி. சாதாரணக் கணினி முறைகளில் 200 ஆண்டுகள் பிடிக்கக்கூடிய கணக்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் முடியும் எனத் தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் கணக்கீட்டுப் பகுதி நிறைவடைந்தது.

கணக்கு முடிந்தது என்றால் சத்தான அரிசி கிடைத்துவிட்டது என்று பொருள் இல்லை. கணிக்கப்பட்ட வடிவத்திலிருந்து புரதத்தின் வேலையை ஊகிக்க வேண்டும். அந்த ஊகத்தை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். பயனுள்ள மரபணு எந்த ரகத்தில் உள்ளது என்று கண்டறிந்து, ஒட்டுச் சேர்த்து, பல தலைமுறைகள் வளர்த்து, பல இடங்களில் பயிரிட்டுப் பார்க்க வேண்டும். மரபு முறையில் ஒரு நெல் ரகத்தை உருவாக்கி வெளியிடவே ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆகின்றன. நீண்ட பாதையின் முதல் அடியில்தான் பங்களிப்பாளர் உதவினார். திட்டத்தின் பெயரோ பாதையின் கடைசியில் உள்ள சோற்றைச் சுட்டியது. பெயர் தரும் எதிர்பார்ப்புக்கும் செய்யப்படும் வேலைக்கும் உள்ள இந்த இடைவெளியைத் தொடர்ந்து விளக்காவிட்டால், பங்களிப்பாளர் ஏமாற்றம் அடைவது இயல்பு.

தொடர்பு எங்கே அறுகிறது

தன்னார்வக் கணிமைத் திட்டங்களில் தகவல் தொடர்பு பெரும்பாலும் நான்கு இடங்களில் அறுகிறது.

முதலாவது, வழங்கி நின்றுபோகும்போது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது பல லட்சம் பேர் புதிதாக ஃபோல்டிங் அட் ஹோமில் சேர்ந்தனர். அத்தனை கணினிகளுக்கும் போதுமான பணி அலகுகளை உடனே தர இயலவில்லை. உதவ வந்த பலரின் கணினிகள் வேலையின்றிக் காத்திருந்தன. தங்கள் கணினியில்தான் கோளாறு என்று புதியவர் எண்ண இதுபோன்ற வேளைகள் இடமளிக்கின்றன. திட்டக் குழு நிலைமையை வெளிப்படையாகச் சொல்லி, வழங்கிகளைப் பெருக்கியது. சில வாரங்களில் அதன் மொத்தத் திறன் ஒரு எக்சாஃப்ளாப்பைக் கடந்தது.

இரண்டாவது, பிழை நேரும்போது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பருவநிலைக் கணிப்புத் திட்டம், பி.பி.சி.யுடன் சேர்ந்து 2006 பிப்ரவரியில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. ஒவ்வொரு கணினியும் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கணக்கு அது. உள்ளீட்டுக் கோப்பு ஒன்றில் பிழை இருப்பது ஏப்ரலில் தெரியவந்தது. மாதிரிகளை முதலிலிருந்து ஓட்ட வேண்டிய நிலையைத் திட்டக் குழு பங்களிப்பாளர்களிடம் அறிவித்தது. இரண்டு மாத உழைப்பு வீணானது வருத்தம்தான். ஆனால் பிழை மறைக்கப்பட்டிருந்தால் வீணான காலம் இன்னும் நீண்டிருக்கும்.

மூன்றாவது, நிர்வாகம் மாறும்போது. வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் 2021-இல் ஐ.பி.எம்.மிடமிருந்து டொராண்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்குக் கைமாறியது. இடமாற்றத்துக்காக 2022-இல் பணிகள் நிறுத்தப்பட்டு, மீண்டும் சீராகப் பல மாதங்கள் ஆயின. ஆண்டுக்கணக்கில் பங்களித்தவர்களுக்கு அது காத்திருப்புக் காலமாக இருந்தது.

நான்காவது, கணக்கு முடிந்தபின். இதுவே மிக நீண்ட மௌனம். செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய பணிகள் அனுப்புவதை நிறுத்தியது. நிறுத்தம் பற்றியும், குவிந்த தரவை ஆராய நேரம் தேவை என்பது பற்றியும் முன்கூட்டியே அறிவித்தது. அந்தத் தொகுப்பாய்வு 2025-இல் தான் ஆய்வுக் கட்டுரைகளாக வெளிவந்தது. 1999-இல் சேர்ந்த ஒருவர் முழுமையான முடிவை அறிய கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

காரணங்கள்

இக்குறைக்கு அலட்சியம் மட்டுமே காரணம் அன்று. பெரும்பாலான திட்டங்களை ஒரு பேராசிரியரும் சில ஆய்வு மாணவர்களும் நடத்துகின்றனர். நிதிநல்கை ஆய்வுக்குக் கிடைக்கிறது, செய்தி எழுதுவதற்குக் கிடைப்பதில்லை. நிதி முடிந்ததும் குழு கலைகிறது. கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் வேறு ஊருக்கோ வேறு துறைக்கோ போய்விடுகிறார்.

அரைகுறை முடிவை அறிவித்துப் பின்னர் திருத்த நேருமோ என்ற தயக்கமும் ஆய்வாளருக்கு உண்டு. மேலும் மென்பொருளை ஒருவர் உருவாக்குகிறார், வழங்கியை இன்னொருவர் நடத்துகிறார், ஆய்வை மூன்றாமவர் செய்கிறார். பங்களிப்பாளரின் கேள்வி இம்மூவரில் யாரிடம் போக வேண்டும் என்பதே தெளிவாக இருப்பதில்லை. அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், துறைச் சொற்களுடன் வருவது மற்றொரு தடை.

பங்களிப்பாளர் தருவது எவ்வளவு

பங்களிப்பு இலவசமாகத் தோன்றினாலும் அதற்குச் செலவு உண்டு. கணக்கீட்டின்போது ஒரு கணினி கூடுதலாக 50 வாட் எடுத்துக்கொள்கிறது என்றும், நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடுகிறது என்றும் கொண்டால், ஒரு நாளைக்கு 0.4 யூனிட் ஆகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. அந்த 60 நாளில் இது 24 யூனிட், அதாவது கட்டணமில்லாமல் கிடைக்கும் முதல் 100 யூனிட்டில் ஏறத்தாழ கால் பங்கு. கோடை வெப்பத்தில் மடிக்கணினியின் தேய்மானம் தனி.

மின்தடையும் கணக்கில் வர வேண்டியதே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபின், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் பணியின் கெடு கடந்துபோவது பங்களிப்பாளரின் தவறன்று. கெடு கடந்தால் என்ன ஆகும், ஆய்வுக்கு இழப்பு உண்டா என்பது முன்பே விளக்கப்பட்டிருந்தால் வீண் கவலை இராது.

காவிரிப் படுகையின் அனுபவம்

ஆய்வு முடிவை மக்களிடம் சேர்க்கத் தனி உழைப்பு வேண்டும் என்பதைக் காவிரிப் படுகை முன்பே அறியும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான ரகங்கள் தாமாக வயலுக்கு வந்துவிடவில்லை. தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் 1960-இல் தஞ்சாவூரில் தொடங்கியபின், விரிவாக்கப் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று செயல்விளக்கத் திடல்கள் அமைத்தனர். 1960களில் ஏ.டி.டி. 27 போன்ற ரகங்கள் அவ்வழியில்தான் பரவின. ஆய்வுக்கும் வயலுக்கும் நடுவே பேசுவதையே வேலையாகக் கொண்ட ஒருவர் இருந்தார். தன்னார்வக் கணிமையில் பெரும்பாலும் காலியாக இருப்பது அந்த இடமே.

பாரம்பரிய நெல் மீட்பில் ஈடுபட்ட நெல் ஜெயராமன், திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நடத்திவந்த நெல் திருவிழா மற்றோர் எடுத்துக்காட்டு. விழாவில் 2 கிலோ விதை பெறும் விவசாயி, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவது அதன் முறை. விதை எங்கே போயிற்று, விளைந்ததா என்பது திரும்பி வரும் நெல்லிலேயே தெரிந்துவிடும். கொடுத்தவரும் பெற்றவரும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சந்திக்கின்றனர். கணிமைத் திட்டத்தில் விடை ஒரு திசையில் மட்டுமே செல்வதால், திரும்பி வரும் செய்தியை வேண்டுமென்றே ஏற்படுத்த வேண்டியுள்ளது.

நல்ல நடைமுறைகள்

சில திட்டங்கள் இதைச் சிறப்பாகச் செய்துள்ளன. ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் 2010-இல் ஒரு புதிய துடிவிண்மீனைக் கண்டறிந்தபோது, எந்தப் பங்களிப்பாளர்களின் கணினிகளில் அது தென்பட்டதோ அவர்களின் பெயர்களையும் அறிவித்தது. குழந்தைப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய ஜப்பானியக் குழு, வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் வழியாகச் செய்த கணக்கின் பயனாக ஏழு வேதிச்சேர்மங்கள் நம்பிக்கை தருவதாக 2014-இல் தெரிவித்தது. மருந்தாக ஆகும் முன்பே, எட்டிய கட்டம் எது என்று சொல்ல முடியும் என்பதை இது காட்டுகிறது.

இவ்வனுபவங்களிலிருந்து ஒரு திட்டம் பின்பற்றத்தக்கவை:

1. கணக்கீடு எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தொடக்கத்திலேயே எளிய மொழியில் சொல்லுதல்.
2. வழங்கி நின்றால் காரணத்தையும், அடுத்த அறிவிப்பு எந்த நாளில் வரும் என்பதையும் தெரிவித்தல்.
3. பிழை நேர்ந்தால் உடனே ஒப்புக்கொண்டு, எந்தப் பணிகள் பாதிக்கப்பட்டன என்று குறிப்பிடுதல்.
4. புதிய முடிவு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை நிலையறிக்கை வெளியிடுதல்.
5. திட்டம் முடியும்போது இறுதி அறிக்கையையும் தரவையும் எல்லோருக்கும் திறந்து வைத்தல்.

பங்களிப்பாளர் கவனிக்க வேண்டியவை

சேரும் முன் திட்டத்தை நடத்தும் நிறுவனம் எது, முன்பு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் உள்ளனவா, கடைசி அறிவிப்பு எப்போது வந்தது என்று பார்ப்பது நல்லது. மென்பொருளை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். கல்லூரி அல்லது அலுவலகக் கணினியில் நிறுவ அனுமதி பெறுவது கட்டாயம். ஓடும் நேரத்தையும் செயலியின் பயன்பாட்டு அளவையும் பாயிங்க் அமைப்புகளில் குறைத்துக்கொள்ளலாம். வேலை வராதபோது கணினியைச் சந்தேகிக்கும் முன் திட்டத்தின் வழங்கி நிலைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாகச் செய்தி எதுவும் சொல்லாத திட்டத்திலிருந்து விலகி, செய்தி சொல்லும் திட்டத்துக்குக் கணினியைத் தருவது பங்களிப்பாளரின் உரிமை.

தன்னார்வக் கணிமையில் ஊதியம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. நம்பிக்கை ஒன்றே பங்களிப்பாளரைத் திட்டத்துடன் இணைக்கிறது. எந்த நிமிடமும் ஒரு பொத்தானை அழுத்தி அவர் விலகிவிட முடியும். ஆகவே பங்களிப்பாளருக்குச் செய்தி சொல்வதும் ஆய்வுப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.