எம்ஜிபி வாங்கப் போறீங்களா? முதல்ல கம்ப்ரஷன் பாருங்க!

வார இறுதியில ஓட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வேணும்னு பிரிட்டனில் தேடினா, எம்ஜிபி கட்டாயம் கண்ணில் படும். 1962 முதல் 1980 வரை ஆபிங்டனில் தயாரான கார். 1,798 சிசி, நாலு சிலிண்டர். பெயின்ட் பளபளன்னு இருக்கலாம். ஆனா இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்க ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். அதனால பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, விற்பவரிடம் கேட்டுட்டு கம்ப்ரஷன் டெஸ்ட் செய்யுங்க. அரை மணி நேர வேலைதான்.

எப்படிச் செய்வது?

இன்ஜின் நல்லா சூடாகும்வரை ஓட்டி நிறுத்துங்க. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்க. இக்னிஷன் காயிலுக்கு வரும் ஒயரைக் கழற்றி, உலோகத்தில் படாம ஒதுக்கி வைங்க. நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துடுங்க. முதல் சிலிண்டரில் கேஜைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சபடி, ஸ்டார்ட்டரால் அஞ்சாறு சுற்று சுற்ற விடுங்க. மற்ற மூன்றுக்கும் இதே மாதிரி, அதே எண்ணிக்கையில். பேட்டரி சோர்ந்திருந்தா அளவு தப்பாகும்.

பிள்ளைங்க கூட இருந்தா எண்களை எழுதச் சொல்லுங்க. தலைமுடி, துப்பட்டா எதுவும் ஃபேன் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

எண் என்ன சொல்லுது?

150 பிஎஸ்ஐ அளவில் இருந்தா பொதுவா நல்ல இன்ஜின். அதைவிட முக்கியம், நாலும் ஒண்ணுக்கொண்ணு 10 சதவீதத்துக்குள் இருக்கணும். நாலும் 140 என்றால் கவலை குறைவு. மூன்று 160, ஒன்று 100 என்றால் அங்கே ஏதோ கோளாறு.

குறைஞ்ச சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. அளவு ஏறினா, பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் சுவரோ தேய்ஞ்சிருக்கு. ஏறலைன்னா வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சா, நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம்.

இன்னொண்ணு: ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட் இது. ஈயமில்லாத பெட்ரோலில் வேகமா ஓடினா வால்வு இருக்கை தேயும். இடைவெளி குறைஞ்சு வால்வு சரியா மூடாது. அதனால வால்வு இடைவெளியையும் அளந்து பாருங்க.

வால்வு, கேஸ்கெட் கோளாறுக்கு ஹெட்டைக் கழற்றினா போதும். ரிங், சிலிண்டர் தேய்மானம் என்றால் இன்ஜினையே இறக்கணும். எந்த வேலை காத்திருக்குன்னு தெரிஞ்ச பிறகு விலை பேசுங்க. இல்லைன்னா கும்பிட்டு விலகிடுங்க.